விறகுக்குத் தண்ணீர்

"ஏன் மதர்?"

வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் ஜெயமணிக்கு உறைத்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே படிக்கட்டில் மண்டி போட்டாள். மடத்தில் பயிற்சியில் இருக்கிற நவகன்னியருக்கு அது பழக்கம். தப்பு செய்தால் முதலில் முழங்கால் தரையில் பட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

"எழுந்திரு," என்றார் மதர் ஜெர்த்ரூத். "நான் என்ன சொன்னேன்?"

"படிக்கட்டைக் கீழேருந்து மேல கூட்டிட்டுப் போகணும்னு சொன்னீங்க மதர்."

"நீ என்ன கேட்டே?"

"ஏன்னு கேட்டேன்."

"எதுக்குக் கேட்டே?"

"மேலேருந்து கூட்டினா குப்பை தானா கீழ வந்துரும். கீழேருந்து கூட்டினா..."

"கூட்டினா?"

"கூட்டின படியிலயே திரும்ப விழும் மதர்."

பின்னால் வாளியோடு நின்ற பூல்மணி, சிரிப்பு வெளியே வராமல் இருக்க முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"அச்சா... இல்ல, இல்ல மதர். தெரியும்."

"அந்த ஹிந்தி அச்சாவையும் விடு."

தீவில், ஜங்லிகாட் குடியிருப்புக்கு மேலே மேட்டில் இருந்தது அந்த மடம். தீவுப் பெண்களைக் கப்பலேற்றித் திருச்சிக்கு அனுப்பிப் பயிற்சி கொடுப்பதற்குப் பதிலாக, பயிற்சி கொடுப்பவரைக் கப்பலேற்றி இங்கே அனுப்பலாமே என்று தாய்மடம் ஒரு முறை செய்து பார்த்தது. அறுபத்தேழாம் வருஷம். அப்படி வந்தவர்தான் மதர் ஜெர்த்ரூத். சருகணிப் பக்கத்துக்காரர். கண்மாய் வெடித்துக் கிடக்கிற பூமி. அவர் கப்பல் இறங்கியது மாசி மாதம். தீவின் மழை எப்படியிருக்கும் என்று அவர் அப்போது பார்த்திருக்கவில்லை.

அவருக்குக் கீழே நான்கு பெண்கள். நான்கு பேரில் வாய்த்துடுக்கு ஜெயமணி. அவளுடைய அப்பா சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தார். தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பம். "உனக்குக் கேள்வி கேக்காம ஒரு நாள் இருக்க முடியுமாளா? நீ எப்படி மடத்துல இருப்ப?" என்று அப்பா கேட்டதற்கு, "ஏன் இருக்க முடியாது?" என்று கேட்டுவிட்டு வந்தவள்.

மடத்தில் இருப்பது லேசான காரியமில்லைதான். மணி அடித்தால் பாதி தைத்த தையலோடு ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். ஊசி உடைந்தால் உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு போய் மண்டி போட்டுப் புது ஊசி கேட்க வேண்டும். பேசுவதற்கென்று சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் உண்டு. மற்ற நேரமெல்லாம் மௌனம். "என்னுடையது" என்று எதையும் சொல்லக் கூடாது. செருப்பும் சீப்பும் "நம்முடையது". ஒரு நாள் பூல்மணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, "மதர், நம்ம பல்லு வலிக்குது," என்றாள். அன்றைக்கு மதரே சிரித்துவிட்டார். பூல்மணியின் பெற்றோர் ராஞ்சிக்காரர்கள், காட்டிலாகா முகாமில் வேலை செய்தவர்கள். வீட்டில் சாத்ரி பாஷை, வெளியில் ஹிந்தி. தமிழ் அவளுக்கு மடத்தில் கிடைத்தது.

அதெல்லாம் ஜெயமணிக்குப் பழகிப் போயிற்று. இந்த ஏன் மட்டும் பழகவில்லை.

மதர் அவளைச் சமையலறைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். காண்ட்ராக்டர் லாரியில் கொண்டுவந்து கொட்டிய விறகு அங்கே குவிந்து கிடந்தது. ஏதேதோ காட்டு மரம். மதர் பார்த்துப் பார்த்து, வெளுத்துக் காய்ந்த குச்சி ஒன்றை உருவினார். நுனியை ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது.

"காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு மதர்."

"இதைக் கோயில் பக்கத்துல நடு. காலையில ஒரு செம்பு தண்ணி, சாயங்காலம் ஒரு செம்பு. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்."

ஜெயமணியின் உதடு அசைந்தது. மதர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேக்க மாட்டேன் மதர்."

"இதைப் பத்தி யார்கிட்டயும் பேசவும் கூடாது. இனிமே உன் வாயிலேருந்து ஒரு ஏன் என் காதுல விழக் கூடாது. ஆகஸ்ட்ல தேவமாதா திருநாளுக்கு நீங்க வார்த்தைப்பாடு குடுத்து சிஸ்டராகணும். அதுக்கு முந்தி உங்க நாலு பேரைப் பத்தியும் நான் தாய்மடத்துக்கு எழுதணும். அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கீழ்ப்படிவாளா? நான் என்ன எழுதட்டும்?"

"படிவாள்னு எழுதுங்க மதர்."

"நீ செய். நான் எழுதறேன்."

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று ஜெயமணிக்குத் தெரியும். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவதென்றால் வண்டியோ படகோ பார்க்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டை இறங்கினால் ஜங்லிகாட். "வந்துட்டியா?" என்று கேட்கத் தெருவே வாசலில் நிற்கும்.

குச்சியை நட்டாள். ஊற்றினாள். முதல் வாரம் வெயில். பிறகு மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லையே, என்ன செய்வாள்? ஒரு கையில் குடை, ஒரு கையில் செம்பு.

அபர்டீன் பஜாரிலிருந்து மடத்துக்குச் சாமான் கொண்டு வருகிற காதர் பாய் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு மேடேறி வந்தவர் நின்றுவிட்டார்.

"சிஸ்டர், மழை பெய்யுதுங்க."

ஜெயமணி தலையாட்டினாள். மௌன நேரம்.

"குச்சி நனைஞ்சுதான் இருக்குது."

தலையாட்டினாள்.

"அப்புறம் எதுக்கு... சரி, சரி. உங்க மார்க்கத்துல ஏதாச்சும் இருக்கும். நமக்கு என்ன மாலும், என்ன தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே அரிசிச் சாக்கை இறக்கப் போனார். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

ஒரு காலையில் குச்சியின் பக்கவாட்டில் பச்சையாக ஒரு புள்ளி. பூச்சி என்று நினைத்து விரலால் தட்டினாள். போகவில்லை. மறுநாள் அது இலையாக விரிந்து நின்றது.

ஜெயமணி செம்பைக் கீழே வைத்தாள். வேலிக்குப் பச்சைக் கம்பை நட்டால் முளைக்கும், அதை அவள் பார்த்திருக்கிறாள். இது விறகு. அடுப்புக்குப் போக இருந்தது. மதர் ஒடித்துக் காட்டியது. செத்த கட்டை முளைத்தால் அதற்கு என்ன பெயர்? அந்தப் பெயரை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் பேசக் கூடாது என்று வேறு உத்தரவு. சுற்றுமுற்றும் பார்த்தாள். இலையைக் கிள்ளிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் இரண்டு வந்தது. இரண்டையும் கிள்ளினாள். அதற்கடுத்த நாள் நான்கைந்து.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குற்ற அறிக்கை. ஒவ்வொருத்தியாக நடுவில் மண்டி போட்டு, அந்த வாரம் விதிக்கு மாறாகச் செய்ததை எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். கதவை ஓசையோடு சாத்தினேன், சோறு சிந்தினேன், இப்படி. ஜெயமணியின் முறை வந்தது.

"பணிக்கிடையில ஹிந்தியில பேசினேன். படிக்கட்டில் ஓடினேன். குச்சியோட இலையைக் கிள்ளினேன்."

மதர் தலையசைத்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"எந்தக் குச்சி?"

"நீங்க குடுத்த குச்சி மதர்."

"எந்த இலை?"

"அதுல வந்த இலை."

"அதுல எப்படி இலை வரும்?"

"எனக்குத் தெரியாது மதர். நான் கேக்கல."

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். அன்றைக்குக் காலையில் கிள்ள விட்டுப்போன மூன்று தளிர், மழைத்துளியோடு பளபளவென்று நின்றன. பூல்மணி சட்டென்று மண்டி போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். மதர் குச்சியை அசைத்துப் பார்த்தார். ஒடித்த நுனி அப்படியே இருந்தது.

"ஜெயமணி, என்னைப் பார். வேற குச்சியை வச்சியா?"

"இல்ல மதர்."

"யாராவது மாத்தினாங்களா?"

"தெரியாது மதர். நான் மாத்தல."

மதர் அன்று சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. அதுதான் ஜெயமணிக்குப் பயம்.

"கேளு. ஒண்ணு நீ பொய் சொல்றே. பொய் சொல்றவளை நான் வார்த்தைப்பாட்டுக்கு அனுப்ப முடியாது. இல்ல, நீ சொல்றது நிஜம். அப்போ காஞ்ச கட்டை உன் கையால துளிர்த்திருக்கு. அதை நான் எப்படி எழுதுவேன்? அப்படி ஒருத்தியை மேய்க்க எனக்கு யோக்கியதை உண்டா?"

"எனக்கு ரெண்டும் வேணாம் மதர்."

"அடுத்த சனிக்கிழமை கப்பல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடுதாசியைக் குடுத்தாகணும். அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா வந்து சொல்லு. ஒத்துக்கறதா இருந்தா மட்டும். கேள்வி வேண்டாம்."

நிறுத்து என்று மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ, சோதிக்கிறாரோ. ஜெயமணி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

செய்தி எப்படி வெளியே போயிற்று என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. காதர் பாய் மறுநாள் அரிசி இறக்க வந்து தளிரைப் பார்த்துவிட்டுப் போனதுமே லம்பா லைன் குடியிருப்பு வரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பக்கத்தில் பத்துப் பதினைந்து பெண்கள், கையில் மெழுகுவர்த்தி. காதர் பாயின் வீட்டம்மா ஜன்னத் பீவி ஒரு குப்பியோடு வந்திருந்தாள்.

"சிஸ்டரம்மா, அந்தக் குச்சிக்கு ஊத்தின தண்ணி ஒரு சொட்டு. மகளுக்கு ஜுரம் விடல."

"அக்கா, அது கிணத்துத் தண்ணி."

"இருக்கட்டும். உங்க கையால குடுங்க."

"டாக்டரைப் பாருங்க அக்கா."

"பாத்தாச்சு. அவரு மாத்திரை குடுத்திருக்காரு. அதை இதுல முழுங்கச் சொல்றேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் ஜெயமணியின் அம்மா இசபெல்லம்மா. கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. கையில் பெரிய மெழுகுவர்த்தி. மகளைப் பார்த்தாள். படக்கென்று அவள் காலடியில் மண்டி போட்டுவிட்டாள்.

"யம்மா! என்ன பண்ற? எந்திரி!"

"என்னைத் தொடாதளா. நான் பாவி. ஒன்னைய எத்தன நாளு வெளக்கமாத்தால அடிச்சிருக்கேன்!"

"எந்திரிம்மா, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்." இசபெல்லம்மா அழுதாள். சந்தோஷ அழுகை மாதிரி இல்லை அது. "எத்தன நாளா இப்படி? எங்கிட்ட ஏன் சொல்லல?"

மாடி ஜன்னலிலிருந்து மதர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயமணி நிமிர்ந்தபோது ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது.

அந்த வாரம் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. பேசுகிற நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் மற்ற மூவரும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். பூல்மணிகூடக் கேலி பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு நல்ல மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"ஏன் இப்படிப் பண்..." என்று ஆரம்பித்து ஜெயமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீ எங்களுக்காக வேண்டிக்கோ," என்றாள் பூல்மணி பவ்யமாக. ஜெயமணிக்கு அழுகை வந்தது. போன வாரம்வரை இவள் என்னைக் குரங்கு என்றுதானே கூப்பிட்டாள்!

வியாழக்கிழமை அவளுக்குச் சமையலறை முறை. அவரைக்காய் பறிக்கப் பின்பக்கம் போனாள். அந்த அவரைப் பந்தல் மதர் தாமே போட்டது. "நம்ம ஊர் அவரைக் கொடி இங்க வராதுன்னு யார் சொன்னா?" என்று மழைக்கு முன்னால் விறகுக் குவியலிலிருந்து கம்பு எடுத்து நட்டு, காதர் பாய் கொடுத்த கயிற்றால் கட்டியது. இப்போது கொடி ஏறி மூடி, பந்தல் கால் எங்கேயிருக்கிறது என்றே தெரியவில்லை.

ஜெயமணி கொடியை விலக்கினாள். ஒரு காய் பறித்தாள். இரண்டாவதுக்குக் கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

அந்த இலை அவரை இலை இல்லை.

குனிந்து பார்த்தாள். இலை கொடியிலிருந்து வரவில்லை. காலிலிருந்து வந்திருந்தது. அவள் பையில் காய்ந்து கிடந்த அதே இலை.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். மதர் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார்.

"மதர்! மதர்..."

"ஒத்துக்க வந்தியா?"

"இல்ல மதர்."

"கேள்வியா?"

பொய் சொல்ல முடியுமா? "ஆமா மதர்."

"வேண்டாம்னு சொன்னேன்."

மதர் போய்விட்டார். ஜெயமணி தாழ்வாரத்திலேயே நின்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். காட்டினால், சொன்ன சொல்லைக் கேட்காதவள். காட்டாவிட்டால், பொய் சொன்னவள். இரண்டில் எதை எழுதினாலும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். அவரைக்காயைப் பறித்து முடித்தாள். ஒரு காய் விடாமல் பறித்தாள். அந்தக் காலைச் சுற்றியிருந்த கொடியை மட்டும் முன்போலவே மூடி விட்டாள்.

மறுநாள் வெள்ளி. குற்ற அறிக்கை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் மதரின் கடிதக் காகிதம் எழுதப்படாமல் இருந்தது. ஜெயமணி மண்டி போட்டாள்.

"நேத்து அவரைக்காய்க் கூடையைக் கீழே போட்டேன். தாழ்வாரத்தில் ஓடினேன்." மூச்சு வாங்கினாள். "மனசுக்குள்ள ஒரு ஏன் நினைச்சேன்."

"மனசுக்குள்ளயா?"

"ஆமா மதர். வாயால கேக்கல. ஆனா நேத்துலேருந்து அதையேதான் நினைச்சுட்டு இருக்கேன். பூசையிலகூட."

"எதைப் பத்தி?"

"சொல்லலாமா மதர்?"

"குற்றத்தை அரைகுறையாச் சொல்லக் கூடாது. முழுசா சொல்லு."

"நீங்க நட்ட அவரைப் பந்தல் கால்ல ஏன் இலை வந்திருக்குன்னு நினைச்சேன்."

மதர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"எந்தக் கால்?"

"விறகுக் குவியல் பக்கம் இருக்கிற மூலைக் கால் மதர்."

மதர் எழுந்தார். குற்ற அறிக்கை நடுவில் தலைவி எழுந்து போனால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. அதனால் நான்கு பேரும் எழுந்து, வழக்கம்போல் வரிசையாக, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பின்னாலேயே போனார்கள். யாரும் குடை எடுக்கவில்லை.

மதர் இரண்டு கையாலும் கொடியை விலக்கினார். உள்ளே கால் நின்றது. உச்சியிலிருந்து அடி வரை தளிர். கயிறு கட்டிய இடத்தில்கூட ஒன்று, கயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது.

"இதுக்கு யார் தண்ணி ஊத்தினா?"

"யாரும் ஊத்தல மதர். மழைதான்."

"இதை நான்தான் நட்டேன்."

"ஆமா மதர்."

"ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லல. கயிறு இத்துப் போச்சுன்னு காதரைத் திட்டிக்கிட்டே கட்டினேன்." மதர் ஒரு தளிரைத் தொட்டுப் பார்த்தார். "நான் ஒடிச்சது நுனி. உள்ளே உயிர் இருந்திருக்கு. சருகணியில இப்படிக் கெடந்தா மறுநாளே சுள்ளி. இங்க..."

தலையை நிமிர்த்தி மழையைப் பார்த்தார். முக்காடு நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது. தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நால்வரும் நினைத்தார்கள். பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

"அப்போ நான் பொய் சொல்லலையே மதர்?"

"சொல்லல."

"புனிதையும் இல்லையே?"

"சத்தியமா இல்ல."

"அப்பாடா," என்று ஜெயமணி ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பூல்மணி மெதுவாக மண்டி போட்டாள். "மதர், நம்ம குற்றம் ஒண்ணு பாக்கி இருக்கு. அந்தக் குச்சியோட இலை ஒண்ணைத் திருடி ஜெபப் புத்தகத்துல வச்சிருக்கேன். தலைவலிக்கு."

"வலி போச்சா?"

"போச்சு மதர்."

"போனது போனதாவே இருக்கட்டும். எழுந்திரு."

பூல்மணி எழுந்ததும் ஜெயமணியின் காதில் சொன்னாள்: "குரங்கே. உனக்கு நாலு நாளா பெரிய மீன் வச்சேனே. திருப்பிக் குடு."

மதர் அன்று சாயங்காலமே நால்வரைப் பற்றியும் எழுதிக் கொடுத்தனுப்பினார். ஜெயமணியிடம், "கீழ்ப்படிவாள்னு எழுதிட்டேன்," என்றார். "எப்படிக் கீழ்ப்படிவாள்னு எழுதல. அது நமக்குள்ள இருக்கட்டும். நாளையிலேருந்து தண்ணி ஊத்த வேண்டாம்."

அன்றிரவு ஜெயமணி அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்திக்காரிகளை மதர் தாமே அவரைப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சிலருக்கு ஏமாற்றம். ஜன்னத் பீவிக்கு இல்லை. மகளுக்கு ஜுரம் விட்டுவிட்டது, மாத்திரையோ தண்ணீரோ ஏதோ ஒன்று. அவள் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, "எங்க வீட்டு வேலிக்கு ஆகும்," என்று போனாள்.

இசபெல்லம்மா கடைசியில் நின்றாள்.

"அப்போ நீ புனிதை இல்லையாளா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"மதரே சொல்லிட்டாங்க."

இசபெல்லம்மா மகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "மாதாவே! நான் கெடந்து ஒரு வாரமா உறங்கல. படத்துல இருக்குற புனிதையெல்லாம் பாத்தியா? ஒருத்தியாவது வயசாகிச் செத்தாளா? எல்லாம் சின்ன வயசுலயே போயிட்டாளுவ. நான் சாமிகிட்ட, வேணாம் சாமி, எம்புள்ள சும்மா ஒரு சிஸ்டரா இருக்கட்டும், அது போதும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"அதுக்கா அன்னைக்கு அழுத?"

"பின்ன? ஒன்னையக் கும்புடவா அழுதேன்?"

ஜெயமணி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். பிறகு நினைவு வந்தவளாக, "போன வாரம் இங்க வச்ச அந்தப் பெரிய மெழுகுவர்த்தியக் குடு, கரண்ட் போனா ஆகும்," என்று வாங்கிக்கொண்டு மேட்டை இறங்கினாள்.

தாழ்வாரத்தை ஒட்டி மதர் நனைந்த குடையை மடக்கி, கைப்பிடி மேலே வர, மண்ணில் குத்தி வைக்கப் போனார். பிரம்புக் காம்பு வைத்த குடை. ஜெயமணி ஓடி வந்தாள்.

"மதர், அதை உள்ள வைங்க."

"ஏன்?"

கேட்ட பிறகுதான் மதருக்கு உறைத்தது. ஜெயமணியின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்பப் பணிவாக நின்றாள்.

"சும்மாதான் மதர். இந்த ஊர்ல எதையும் நம்ப முடியாது."